செடியைத் தேடி மலகாவிலிருந்து டமாஸ்கஸ் வரை: இப்னுல் பைத்தார் (ரஹ்)

கடந்த கோடையில் பேராவூரணியில் நம் வீட்டு மொட்டை மாடிக்கு ஒரு தொட்டிச் செடி வந்து சேர்ந்தது. மலைப்பகுதிக்குப் போய்வந்த சொந்தக்காரர் ஒருவர் வாங்கி வந்தது. சாம்பலும் வெள்ளியும் கலந்தாற்போல் மெல்லிய இலைகள், ஊதா நிறத்தில் சிறு கதிர் போன்ற பூ, விரலால் தொட்டாலே கையில் ஒட்டிக்கொள்ளும் வாசம். லாவண்டர் என்றார்கள். சித்திரை, வைகாசி வெயிலில் நன்றாகவே நின்றது. ஐப்பசி மழை தொடங்கியதும் வேர் அழுகிப் போய்விட்டது.

செடி போனாலும் அது கிளப்பிவிட்ட பேச்சு போகவில்லை. அந்தச் செடியின் படத்தோடு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. யூனானி மருந்தான உஸ்துகுத்தூஸ் இதுதான், இதைக் கொதிக்க வைத்து தினமும் குடித்தால் தலைவலி, தூக்கமின்மை, ரத்த அழுத்தம் எல்லாம் போய்விடும், மாத்திரையே வேண்டாம் என்று அதில் இருந்தது. தலைவலியால் சிரமப்பட்டுக்கொண்டிருந்த உம்மா அதை நம்பிவிட்டார்கள். அந்தப் பெயரைச் சொல்லி ஒரு கடையில் பொட்டலமும் வாங்கியாயிற்று. நல்லவேளையாக, குடிப்பதற்கு முன் யூனானி படித்த மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். பிரித்துப் பார்த்தவர், இது அந்தப் பூவே அல்ல என்று சொல்லிவிட்டார். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தவே கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார்.

அன்று நமக்கு எழுந்த கேள்வி இதுதான். பெயர் ஒன்று, பொட்டலத்தில் இருப்பது வேறொன்று என்றால், அந்தப் பெயருக்கு உரிய செடி எது என்று யார் பார்த்துச் சொல்வது? இந்த ஒரே கேள்விக்காகத் தன் ஆயுளையே செலவிட்ட ஒரு முஸ்லிம் அறிஞர் சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்திருக்கிறார். அவர்தான் இப்னுல் பைத்தார் (ரஹ்). அவருடைய வாழ்க்கையை நம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பெயரும் பிறப்பும்

அவருடைய முழுப்பெயர் ளியாவுத்தீன் அபூ முஹம்மது அப்துல்லாஹ் இப்னு அஹ்மது அல்மாலகீ. மாலகீ என்றால் மலகா ஊர்க்காரர் என்று பொருள். மாலிக்கி மத்ஹபோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மலகா இன்றைய ஸ்பெயின் நாட்டின் தெற்குக் கரையில் உள்ள துறைமுக நகரம். அன்று அது முஸ்லிம்கள் ஆண்ட அந்தலுஸ் பகுதியைச் சேர்ந்தது. அங்கே கி.பி. 1197 வாக்கில் அவர் பிறந்தார்.

பைத்தார் என்ற அரபுச் சொல்லுக்குக் கால்நடை மருத்துவர் என்று பொருள். இப்னுல் பைத்தார் என்றால் கால்நடை மருத்துவரின் மகன். குதிரைக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்க்கும் குடும்பத்துப் பெயரைச் சுமந்தே அவர் வரலாற்றில் நிலைத்துவிட்டார். தொழிலைச் சொல்லும் அந்தப் பெயரைச் சுல்தான்களின் அவையிலும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

அவர் பிறந்த காலம் அந்தலுஸுக்கு நல்ல காலம் அல்ல. அவருக்குச் சுமார் 15 வயதாக இருந்தபோது, 1212ஆம் ஆண்டு, லாஸ் நவாஸ் தெ தொலோசா என்ற இடத்தில் நடந்த போரில் முவஹ்ஹிதீன்களின் படை கிறிஸ்தவ அரசர்களின் கூட்டுப்படையிடம் தோற்றது. அதன் பிறகு முஸ்லிம்களின் நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டுப் போகத் தொடங்கின. அப்படிப்பட்ட காலத்தில்தான் இந்த இளைஞர் மலையிலும் ஆற்றங்கரையிலும் செடிகளைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

ஹதீஸ் கற்ற ஆசிரியரிடம் செடி கற்றவர்

இப்னுல் பைத்தார் கல்விக்காக இஷ்பிலிய்யா சென்றார். இன்று செவில்லே என்று அழைக்கப்படும் நகரம் அது. அங்கே அவருக்குப் பல ஆசிரியர்கள் கிடைத்தார்கள். அவர்களில் முக்கியமானவர் அபுல் அப்பாஸ் அந்நபாத்தீ. இப்னுர் ரூமிய்யா என்றும் அவரை அழைப்பார்கள். நபாத்தீ என்றால் தாவரங்களை அறிந்தவர்.

இந்த ஆசிரியரைப் பற்றி நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அவர் தாவர அறிஞர் மட்டுமல்ல, பெயர்பெற்ற ஹதீஸ் அறிஞரும் ஆவார். ஹதீஸ் கலையில் ஒரு செய்தியைக் கேட்டவுடன் ஏற்றுக்கொள்வதில்லை. யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்தார்களா, அவருடைய நினைவாற்றல் எப்படி, நாணயம் எப்படி என்று ஒவ்வொரு கண்ணியாகச் சோதிப்பார்கள். அந்தப் பழக்கத்தில் ஊறிய ஒருவர் செடிகளைப் பார்த்தால் எப்படிப் பார்ப்பார்? இந்தச் செடிக்கு இந்தக் குணம் உண்டு என்று ஒரு நூலில் இருந்தால், அதை எழுதியவர் செடியைக் கண்டாரா, அல்லது இன்னொருவர் எழுதியதைப் பார்த்து எழுதினாரா என்று கேட்பார்.

இப்னுர் ரூமிய்யா கிழக்கு நாடுகளுக்குப் பயணம் செய்து, ஹஜ்ஜும் நிறைவேற்றி, வழியில் கண்ட செடிகளைக் குறித்துக்கொண்டு ஊர் திரும்பியவர். செவில்லேயில் மூலிகைக் கடையும் வைத்திருந்தார். அவரோடு சேர்ந்து அந்த நகரத்தைச் சுற்றியிருந்த வெளிகளில் இப்னுல் பைத்தார் செடிகளைச் சேகரித்தார். ஒரே செடியை முளைக்கும்போதும், பூக்கும்போதும், காய்க்கும்போதும், காய்ந்த பிறகும் பார்த்தால்தான் அதை அடையாளம் தெரியும். கடைக்கு வருவது காய்ந்த சருகும் வேரும்தான் என்பதால், அந்தப் பயிற்சி இல்லாதவர் எளிதில் ஏமாந்துவிடுவார்.

மொழிபெயர்க்க முடியாமல் நின்ற பெயர்கள்

அந்தக் காலத்து மூலிகை அறிவுக்கு அடித்தளமாக இருந்தது ஒரு கிரேக்க நூல். கி.பி. முதல் நூற்றாண்டில் தியோஸ்கோரிதீஸ் என்ற மருத்துவர் ஐந்து பாகங்களாக எழுதியது அது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் இஸ்திஃபான் இப்னு பஸீல் அதை அரபியில் மொழிபெயர்த்தார். புகழ்பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அதைச் சரிபார்த்தார். ஆனால் ஒரு சிக்கல். பல கிரேக்கச் செடிப் பெயர்களுக்கு அரபியில் என்ன பெயர் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டாமல், அந்தப் பெயர்களைக் கிரேக்க ஒலியிலேயே எழுதி வைத்தார்கள். பின்னால் வருபவர் கண்டுபிடிக்கட்டும் என்று விட்ட நேர்மையான இடைவெளி அது.

அந்த இடைவெளியை நிரப்பும் வேலை அந்தலுஸில் தொடர்ந்தது. 948 வாக்கில் பைசாந்தியப் பேரரசர், செடிகளின் வண்ணப் படங்களோடு கூடிய அந்த நூலின் கிரேக்கப் பிரதி ஒன்றைக் குர்துபாவில் ஆண்ட கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மானுக்கு அன்பளிப்பாக அனுப்பினார். அங்கே கிரேக்கம் படிக்கத் தெரிந்தவர் இல்லை. மூன்று ஆண்டுகள் கழித்து நிக்கோலாஸ் என்ற துறவி வந்து சேர்ந்தார். முஸ்லிம் மருத்துவர்களும், ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் என்ற யூத மருத்துவரும், அந்தக் கிறிஸ்தவத் துறவியும் ஒன்றாக உட்கார்ந்து, எந்தக் கிரேக்கப் பெயர் எந்தச் செடியைக் குறிக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். இப்னுல் பைத்தார் பிறப்பதற்கு இரண்டரை நூற்றாண்டுக்கு முன் தொடங்கிய வேலை இது. அதன் வாரிசாகவே அவர் வந்தார்.

வீட்டை விட்டுக் கிளம்பிய 22 வயது

1219 வாக்கில், ஏறத்தாழ 22 வயதில், இப்னுல் பைத்தார் அந்தலுஸை விட்டுப் புறப்பட்டார். அதன் பிறகு அவர் கிழக்கு நாடுகளிலேயே வாழ்ந்தார். வட ஆப்பிரிக்கக் கரையோரமாக மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா, லிபியா வழியாகச் சென்றார். பின்னர் இன்றைய துருக்கியின் தென்கரையிலுள்ள அந்தாலியா பகுதி வரை போனார். கிரேக்கம் பேசும் மக்கள் வாழ்ந்த நிலங்களிலும் திரிந்தார்.

நம் பகுதியிலிருந்தும் இளைஞர்கள் அந்த வயதில்தான் வெளிநாடு போகிறார்கள். மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம், பேராவூரணி என்று எந்த ஊரை எடுத்தாலும், சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ ஒரு மகன் இல்லாத வீடு குறைவு. பிரிவின் வலி நமக்குப் புதிதல்ல. ஆனால் இப்னுல் பைத்தார் போனது சம்பளத்துக்காக அல்ல. நூலில் படித்த செடி எந்த மண்ணில் முளைக்கிறதோ, அந்த மண்ணுக்கே போய்ப் பார்க்கப் போனார்.

போகும் இடமெல்லாம் அவர் செய்த வேலை ஒன்றுதான். செடியைப் பிடுங்கிப் பார்ப்பது, அது வளரும் இடத்தைக் குறித்துக்கொள்வது, அந்த ஊர் மக்கள் அதை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று கேட்பது. அரபு, கிரேக்கம், பாரசீகம், பெர்பர் மக்களின் மொழி, அந்தலுஸின் கிறிஸ்தவர்கள் பேசிய லத்தீன் வழி மொழி என்று பல மொழிகளில் ஒரே செடியின் பெயர்களைச் சேர்த்து வைத்தார். செடியைத் தினமும் கையாளும் கிராமத்து மக்களின் சொல்லை, நூலில் இல்லை என்பதற்காக அவர் ஒதுக்கவில்லை.

சுல்தானின் மூலிகைத் தலைவர்

1224 வாக்கில் அவர் எகிப்தில் இருந்தார். அப்போது எகிப்தை ஆண்டவர் சுல்தான் அல்காமில். சலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்களின் சகோதரர் மகன். திம்யாத் துறைமுகத்தைப் பிடித்த ஐந்தாவது சிலுவைப் படையை 1221இல் வெளியேற்றியவர் அவர்தான். மூலிகை, தனி மருந்துகள் பற்றிய விஷயங்களில் இப்னுல் பைத்தாரையே சுல்தான் நம்பியிருந்தார். எகிப்தின் மூலிகைக்காரர்கள் அனைவருக்கும் அவரைத் தலைவராக நியமித்தார்.

இந்தப் பதவியை வெறும் கௌரவமாக நினைக்க வேண்டாம். அன்று மருத்துவர் எழுதிக் கொடுப்பது ஒரு பெயரைத்தான். அந்தப் பெயருக்கு உரிய வேரையோ இலையையோ எடுத்துக் கொடுப்பவர் மூலிகைக்காரர். அவர் தவறினால் மருத்துவரின் திறமை வீண். நோயாளியின் உயிருக்கே ஆபத்து. அந்த இடத்தில் நின்று கண்காணிக்கும் அமானிதம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

1238இல் சுல்தான் அல்காமில் வஃபாத்தான பிறகு, அவருடைய மகன் அஸ்ஸாலிஹ் நஜ்முத்தீன் அய்யூபிடமும் இப்னுல் பைத்தாருக்கு மதிப்பு தொடர்ந்தது. ஆட்சியாளர்கள் மாறினாலும் அவருடைய வேலை மாறவில்லை.

டமாஸ்கஸில் ஒரு மாணவர்

இப்னுல் பைத்தாரின் குணத்தைப் பற்றி நமக்குத் தெரிவதற்குக் காரணம் ஒரு மாணவர். அவர் பெயர் இப்னு அபீ உஸைபிஆ. கண் மருத்துவர். மருத்துவர்களின் வரலாற்றைப் பெரிய நூலாக எழுதியவர். ஹிஜ்ரி 633ஆம் ஆண்டு (கி.பி. 1235-36) டமாஸ்கஸில் இப்னுல் பைத்தாரை முதன்முதலாகச் சந்தித்தார். அவரோடு நகரத்துக்கு வெளியே சென்று, முளைத்து நிற்கும் இடத்திலேயே பல செடிகளைப் பார்த்தார்.

தன் ஆசிரியரின் அழகிய நடத்தை, நல்ல பண்பு, தாராள மனம் ஆகியவற்றை அந்த மாணவர் வியந்து எழுதியிருக்கிறார். பாடம் நடந்த விதத்தையும் பதிவு செய்திருக்கிறார். தியோஸ்கோரிதீஸின் நூலை விளக்கும்போது, முதலில் செடியின் கிரேக்கப் பெயரைச் சொல்வார். அடுத்து அதன் தோற்றத்தையும் பயனையும் பற்றி தியோஸ்கோரிதீஸ் என்ன எழுதினார் என்பதைச் சொல்வார். பிறகு காலேன் சொன்னது. அதன்பின் வந்த மருத்துவர்கள் எங்கே ஒத்துப்போனார்கள், எங்கே வேறுபட்டார்கள், யாருக்கு எங்கே தவறு நேர்ந்தது என்று வரிசையாகச் சொல்வார்.

மாணவர் வீட்டுக்குப் போய் அந்த நூல்களைப் புரட்டிச் சரிபார்ப்பார். ஆசிரியர் சொன்னதில் ஒன்றும் விட்டுப்போயிருக்காது. அந்த மருந்து எந்த பாகத்தில், எத்தனையாவது எண்ணில் வருகிறது என்பதைக்கூட ஆசிரியர் நினைவிலிருந்தே சொல்வார். இதில் நாம் கவனிக்க வேண்டியது இரண்டு பேரையும்தான். நினைவிலிருந்து சொன்ன ஆசிரியர் ஒரு பக்கம். அவ்வளவு மதிப்பு வைத்திருந்தும் வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்த மாணவர் மறு பக்கம். சரிபார்ப்பதை அந்த மாணவர் மரியாதைக் குறைவாக நினைக்கவில்லை.

1400 பொருள்களின் நூல்

இப்னுல் பைத்தாரின் பெயரை நிலைநாட்டிய நூல், தனி மருந்துகளும் உணவுகளும் பற்றிய தொகுப்பு. அரபியில் அல்ஜாமிஉ லிமுஃப்ரதாதில் அத்வியா வல் அஃக்தியா. சுமார் 1400 மருந்துப் பொருள்களை அதில் விவரித்திருக்கிறார். செடி, மரம், தாது, விலங்கிலிருந்து கிடைப்பது என்று எல்லாமே அதில் உண்டு. ஒரே பொருளின் வெவ்வேறு பெயர்களையும் சேர்த்தால் 2300க்கும் மேற்பட்ட தலைப்புகள். அவற்றில் 300 அளவுக்கு முந்தைய நூல்களில் இல்லாதவை என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 150க்கும் மேற்பட்ட முன்னோர்களின் கருத்துகளை, ஒவ்வொன்றும் யாருடையது என்று பெயர் சொல்லியே எடுத்தாண்டிருக்கிறார்.

நூலை அரபு எழுத்துகளின் வரிசையில் அமைத்தார், தேடுபவர் உடனே எடுக்க வேண்டும் என்பதற்காக. தன் அனுபவத்தில் உண்மை எனக் கண்டதை உறுதியாக எழுதுவது, முன்னோர்களின் தவறுகளைச் சுட்டிக்காட்டுவது, சொன்னதையே திரும்பச் சொல்லாமல் இருப்பது ஆகியவற்றைத் தன் கொள்கைகளாக முன்னுரையில் வைத்தார். அரபியில் ஒரு புள்ளி இடம் மாறினால் எழுத்தே மாறிவிடும். பிரதி எடுப்பவர் தவறினால் மருந்தே மாறிவிடும். அதனால் அறிமுகமில்லாத பெயர்களுக்கு எழுத்து, புள்ளி, உயிர்க்குறி எது என்பதையெல்லாம் கவனமாகக் குறித்து வைத்தார்.

நம் வீட்டில் பேச்சைக் கிளப்பிய உஸ்துகுத்தூஸும் அந்த நூலில் இருக்கிறது. அது லாவண்டர் இனத்தில் ஒன்று. அந்தப் பெயரின் மூலம் கிரேக்கம். இன்றைய பிரான்ஸின் தென்கரைக்கு எதிரே உள்ள ஸ்டோய்க்காடெஸ் தீவுகளில் வளர்ந்ததால் அந்தப் பெயர் வந்தது என்று தியோஸ்கோரிதீஸ் எழுதியிருந்தார். அந்தலுஸின் வறண்ட, வெயில் கொளுத்தும் மலைச்சரிவுகளிலும் அது தானாகவே வளரும். அதன் இலை வெள்ளியாகத் தெரிவதற்குக் காரணம் அதன்மேல் படர்ந்திருக்கும் நுண்ணிய முடிகள். அவை வெயிலைத் திருப்பியனுப்பி, இலையின் ஈரம் போகாமல் காக்கின்றன. தண்ணீர் குறைந்த இடத்தில் வாழ அல்லாஹ் அதற்குக் கொடுத்த போர்வை அது.

லாவண்டர் இனத்தின் இன்னொரு செடியை அந்தலுஸ் மக்கள் குஸாமா என்றார்கள். ஸ்பானிய மொழியில் இன்றும் லாவண்டருக்கு அல்ஹுஸேமா என்ற பெயர் வழங்குகிறது. அந்த அரபுச் சொல்தான் அப்படி மருவியது. ஆனால் சவூதியில் வேலை பார்த்தவர்கள் குஸாமா என்றால் வேறொன்றை நினைப்பார்கள். அங்கே மழைக்குப் பின் பாலைவனத்தை ஊதா நிறமாக்கும் பூவுக்கு அந்தப் பெயர். அது கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தது. 2021 முதல் சவூதி அரசு விருந்தினர்களை வரவேற்க விரிக்கும் கம்பளத்துக்கு நிறம் கொடுத்தது அந்தப் பூதான். ஒரே பெயர், இரண்டு நாடு, இரண்டு செடி. இப்னுல் பைத்தார் ஏன் இவ்வளவு பாடுபட்டார் என்பது இப்போது புரிகிறதல்லவா?

நம் தேங்காய்க்கும் அந்த நூலில் இடமுண்டு. அரபியில் நாரஜீல் என்றும் ஜவ்ஸுல் ஹிந்த், அதாவது இந்தியக் கொட்டை என்றும் அதை அழைத்தார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வீழ்த்திய தென்னந்தோப்புகளை இன்னும் மறக்காத நம் ஊர்க்காரர்களுக்கு, டமாஸ்கஸில் வாழ்ந்த ஒருவரின் நூலில் தென்னையின் பெயர் இருப்பது ஒரு சின்ன மகிழ்ச்சி.

தவறைச் சொல்லத் தயங்காதவர்

இப்னுல் பைத்தார் வேறு நூல்களும் எழுதினார். அல்முஃக்னீ என்ற நூல் 20 அத்தியாயங்கள் கொண்டது. உடல் உறுப்புகளின் நோய்களுக்கு ஏற்ப மருந்துகளை வகைப்படுத்தியது. தியோஸ்கோரிதீஸின் நூலுக்கு விளக்கவுரையும் எழுதினார்.

இன்னொரு நூல் முக்கியமானது. பக்தாதில் 1100ஆம் ஆண்டு வஃபாத்தான இப்னு ஜஸ்லா என்ற மருத்துவரின் மின்ஹாஜ் என்ற நூல் அன்று பரவலாகப் புழங்கிய கைநூல். அதில் இருந்த குறைகளையும் குழப்பங்களையும் எடுத்துக்காட்டி இப்னுல் பைத்தார் தனி நூலே எழுதினார். எல்லோரும் நம்பிப் பயன்படுத்தும் ஒரு நூலில் தவறு இருக்கிறது என்று சொல்வது எளிதல்ல. பெயர்பெற்றவரின் தவறு அதிகம் பேரைப் பாதிக்கும் என்பதால், அதைத் திருத்துவதும் கடமை என்று அவர் கருதியிருக்க வேண்டும்.

திடீர் மரணம்

ஹிஜ்ரி 646ஆம் ஆண்டு ஷஅபான் மாதத்தில் டமாஸ்கஸில் இப்னுல் பைத்தார் திடீரென வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். கி.பி. கணக்கில் அது 1248ஆம் ஆண்டின் கடைசி. அப்போது அவருக்கு 50 வயதைச் சற்றுத் தாண்டியிருக்கும்.

அதே ஷஅபான் மாதத்தில், 1248 நவம்பர் 23 அன்று, அவர் கல்வி கற்ற செவில்லே நகரம் நீண்ட முற்றுகைக்குப் பிறகு காஸ்டில் மன்னரிடம் சரணடைந்தது. ஆசிரியர் இப்னுர் ரூமிய்யா 1239இலேயே காலமாகிவிட்டார். குர்துபா 1236இலேயே போய்விட்டது. பிறந்த மலகா மட்டும் 1487 வரை முஸ்லிம்கள் கையில் இருந்தது. அவர் இளமையில் செடி பறித்த வெளிகள் கைமாறிப் போயின. ஆனால் அங்கே கற்றது டமாஸ்கஸில் ஒரு நூலுக்குள் பத்திரமாக இருந்தது.

அந்த நூல் அரபு நாடுகளில் நூற்றாண்டுகள் பிரதி எடுக்கப்பட்டது. 1874இல் கெய்ரோவின் பூலாக் அச்சகத்தில் அச்சானது. லூசியான் லெக்லெர்க் என்ற பிரெஞ்சு மருத்துவர் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்க்க, 1877 முதல் 1883 வரை மூன்று பாகங்களாகப் பாரிஸில் வெளிவந்தது. இன்று மலகாவுக்கு அருகே பெனல்மாதெனா என்ற கடற்கரை ஊரில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள்.

நமக்கு என்ன பாடம்?

யூனானி மருத்துவம் நமக்கு அந்நியமானது அல்ல. சென்னை அரும்பாக்கத்தில் 1979 முதல் அரசு யூனானி மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. முறையாகப் படித்துப் பதிவு பெற்ற மருத்துவர்கள் இருக்கிறார்கள். உஸ்துகுத்தூஸை மூளையின் துடைப்பம் என்று சொல்லும் வழக்கம் யூனானியில் இன்றும் உண்டு. ஆனால் அந்தச் செடி நம் நாட்டுச் சந்தைக்குப் பெரும்பாலும் வெளியிலிருந்தே வருகிறது. அதே பெயரில் புருனெல்லா என்ற வேறொரு மலைச்செடியின் காய்ந்த பூக்கதிரும் விற்கப்படுவதுண்டு. நம் வயல் வரப்பில் முளைக்கும் கீழாநெல்லியிலேயே ஒன்றுபோல் தோன்றும் பல இனங்கள் உண்டு. கடைச் சரக்கில் அவை கலந்துவருவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். விற்பவர் எப்போதும் ஏமாற்றுகிறார் என்று பொருளல்ல. அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

எனவே, இயற்கை மருந்துதானே, என்ன செய்துவிடும் என்று நினைப்பது தவறு. மருந்தாகும் அளவுக்கு வலிமை உள்ள பொருள், தவறான இடத்தில் தீங்கும் செய்யும். வாட்ஸ்அப்பில் வரும் மருத்துவச் செய்தியில் அதை யார் எழுதினார் என்று இருக்காது. எந்தச் செடி என்று உறுதி இருக்காது. எவ்வளவு, யாருக்கு, எத்தனை நாள் என்பதும் இருக்காது. ஒரு செய்தி வந்தால் தெளிவாக விசாரித்துக்கொள்ளச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. மார்க்கச் செய்தியில் ஸஹீஹா, ளயீஃபா என்று கேட்கும் நாம், உம்மாவின் கோப்பையில் ஊற்றப்போகும் கஷாயத்தைப் பற்றி ஒன்றுமே கேட்காமல் இருக்கலாமா? சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள், எந்த மூலிகையைத் தொடங்கும் முன்னும் தங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

லாவண்டர் வளர்க்க ஆசைப்படுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. காஷ்மீரை ஒட்டிய பதர்வா மலைப்பகுதியில், மத்திய அரசின் நறுமணப் பயிர்த் திட்டத்தால், மக்காச்சோளம் போட்ட விவசாயிகள் பலர் இன்று லாவண்டர் பயிரிட்டு எண்ணெய் எடுக்கிறார்கள். அங்கே குளிர் உண்டு, சரிவான நிலத்தில் தண்ணீர் தேங்காது. நம் டெல்டா அப்படியல்ல. களிமண் நீரைப் பிடித்து வைக்கும், வடகிழக்குப் பருவமழை வாரக்கணக்கில் ஈரத்தைக் கொட்டும். ஆகவே தரையில் நடாமல், அடியில் துளையுள்ள தொட்டியில் மணல் அதிகம் கலந்து, வெயில் படும் இடத்தில் வையுங்கள். மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள். மழைக்காலத்தில் கூரைக்கு அடியில், காற்றோட்டமான வெளிச்சத்தில் வைத்துவிடுங்கள். நாம் தினமும் தண்ணீர் ஊற்றியதும், மழையில் நனைய விட்டதும்தான் செடி சாகக் காரணம். அது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வளர்த்தோம். கேட்டிருந்தால் பிழைத்திருக்கும்.

இன்ஷா அல்லாஹ், தை பிறந்ததும் இன்னொரு செடி வாங்க இருக்கிறோம். இம்முறை மணல் தயாராக இருக்கிறது. பிள்ளைகளிடம் அந்தச் செடியைக் காட்டி, இதைத் தேடி ஒருவர் கடல்களையும் பாலைவனங்களையும் தாண்டினார், பார்க்காமலும் விசாரிக்காமலும் அவர் ஒரு பெயரைக்கூட உறுதியாக எழுதவில்லை என்று சொல்லிக்கொடுப்போம்.

தன் அறிவை மக்களின் நலனுக்காக விட்டுச்சென்ற இப்னுல் பைத்தார் அவர்களுக்கு அல்லாஹ் அருள் புரிவானாக. நம் பிள்ளைகளுக்கும் கேட்டு, பார்த்து, சரிபார்த்துப் பேசும் பழக்கத்தைத் தருவானாக. ஆமீன்.